பிலிம் எஸ்.எல்.ஆர். கேமரா

படம் எடுக்கும் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கவும் வைக்கும் கேமரா வகை எஸ்.எல்.ஆர். லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடி, உள்ளே வரும் ஒளியை மேலே திருப்பி ஒரு மங்கல் திரையில் விழச் செய்கிறது. திரைக்கு மேலுள்ள ஐந்துமுகப் பட்டகம் அந்தப் பிம்பத்தை இடவலம் திருத்தி, நிமிர்த்தி, கண்ணுக்குக் கொண்டுவருகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே மடங்கும், பின்னாலிருக்கும் ஷட்டர் திறந்து மூடும், 24×36 மி.மீ. சட்டத்தில் படம் பதியும். கண்ணாடி திரும்ப இறங்கும். அந்தச் சத்தம்தான் பல ஆண்டுகள் கல்யாண வீடுகளிலும் பத்திரிகையாளர் சந்திப்புகளிலும் கேட்டுக்கொண்டிருந்த 'க்ளிக்'.

35 மி.மீ. பிலிம் எஸ்.எல்.ஆர். 1930-களின் நடுவில் பிறந்து, 1960-களில் தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் கைக்கு வந்து, 2000-க்குப் பின் டிஜிட்டலிடம் தோற்றது. பிறகு சேகரிப்பாளர்களும் இளைஞர்களும் அதை மீண்டும் எடுத்தார்கள். இந்த மறுவாழ்வில் ஒரு வேடிக்கை உண்டு. தன் காலத்தில் முன்னேறியது என்று கொண்டாடப்பட்ட கேமராக்கள் பல இன்று பழுதுபார்க்க ஆளில்லாமல் கிடக்கின்றன. பின்தங்கியது என்று ஒதுக்கப்பட்டவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

கண்ணாடியின் நீண்ட இளமை

சாய்ந்த கண்ணாடியால் பிம்பத்தை மேலே திருப்பும் உத்தி புகைப்படத்தைவிட மூத்தது. ஜெர்மானியத் துறவி யோகான் சான் 1685-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், கையில் தூக்கிச் செல்லக்கூடிய இருட்டுப்பெட்டியின் படங்களை வரைந்து காட்டினார். அதில் கண்ணாடி இருந்தது, பதிவு செய்யப் பிலிம்தான் இல்லை. அதே அமைப்பைப் புகைப்படக் கருவிக்காக 1861-இல் இங்கிலாந்தில் காப்புரிமை செய்தவர் தாமஸ் சட்டன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிராஃபிளெக்ஸ் போன்ற பெரிய மரப்பெட்டிக் கேமராக்கள் இந்த வழியில் வேலை செய்தன. அவற்றை இடுப்பளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும்.

வடிவம் சுருங்கியது சினிமாவால். சினிமா பிலிமை இரண்டு சட்ட அகலத்துக்குப் பயன்படுத்தி 1925-இல் லைக்கா சந்தைக்கு வந்தது. 1934-இல் கோடாக் நிறுவனம், வெளிச்சத்திலேயே மாட்டக்கூடிய 35 மி.மீ. பிலிம் கூட்டை அறிமுகம் செய்தது. கடையில் வாங்கும் 36 படச் சுருள் இன்றும் அதே கூட்டில்தான் வருகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், டச்சுக்காரரான யோகான் ஸ்டீன்பெர்கன் நிறுவிய இஹாகே தொழிற்சாலை, கார்ல் நியூக்டர்லைன் வடிவமைத்த கீனே எக்ஸாக்டாவை 1936 லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் வைத்தது. லெனின்கிராட்டில் உருவான 'ஸ்போர்ட்' என்ற சோவியத் கேமரா அதற்கு முந்தியது என்று வாதிடுவோர் உண்டு. எது முதல் மாதிரி என்ற சண்டை ஓயவில்லை. ஆனாலும் உலகச் சந்தையில் பரவி, மற்றவர்களைப் பின்தொடர வைத்தது எக்ஸாக்டாதான்.

எக்ஸாக்டா ஒரு விசித்திரமான பொருள். ஓரங்கள் கூம்பிய உடல்; ஷட்டர் பொத்தானும் பிலிம் நகர்த்தும் நெம்புகோலும் இடக்கைப் பக்கம்; உள்ளே, பிலிமைப் பாதியில் வெட்டி எடுத்துக் கழுவ ஒரு சின்னக் கத்தி. வலக்கைப் பழக்கத்தோடு அதைக் கையிலெடுப்பவர் முதல் சில சுருள்களுக்குத் தடுமாறுவார். ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 1954-ஆம் ஆண்டுப் படமான 'ரியர் விண்டோ'வில், காலில் மாவுக்கட்டோடு எதிர்வீட்டை வேவு பார்க்கும் நாயகன் நீண்ட லென்ஸ் மாட்டிப் பிடித்திருப்பது எக்ஸாக்டா குடும்பக் கேமராதான். அந்தக் காலத்தில் அவ்வளவு நீண்ட லென்ஸை எளிதாகப் பயன்படுத்த எஸ்.எல்.ஆரை விட்டால் வேறு வழியில்லை. லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் கண் வேறொரு சாளரம் வழியாகப் பார்க்கிறது. லென்ஸ் நீள நீள, பார்ப்பதற்கும் பதிவதற்கும் உள்ள பொருத்தம் கெடுகிறது.

இருந்தும் 1950-களின் நடுப்பகுதி வரை தொழில்முறைப் புகைப்படக்காரர் எஸ்.எல்.ஆரை நம்பவில்லை. காரணங்கள் நியாயமானவை. மேலிருந்து பார்க்கும்போது பிம்பம் இடவலம் மாறித் தெரிந்தது. படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிட்டதால், அடுத்த பிலிமை நகர்த்தும்வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லென்ஸின் துளையைச் சுருக்கினால் காட்சியும் இருண்டது. இந்த மூன்று குறைகளும் தனித்தனியாக, தனித்தனி ஊர்களில் தீர்ந்தன. இத்தாலியின் ரெக்டாஃபிளெக்ஸும், 1949-இல் டிரெஸ்டனில் வந்த காண்டாக்ஸ் எஸ்ஸும் பட்டகத்தைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு ஹங்கேரியில் யெனோ டுலோவிட்ஸின் டுஃப்ளெக்ஸில், படம் எடுத்ததும் தானே இறங்கும் கண்ணாடி வந்தது. படம் எடுக்கும் கணத்தில் மட்டும் சுருங்கும் துளை 1950-களில் படிப்படியாக லென்ஸுகளில் புகுந்தது. காண்டாக்ஸ் எஸ் இன்னொன்றையும் பரப்பியது: 42 மி.மீ. விட்டமுள்ள திருகு வாய். எம்42 என்று பெயர் பெற்ற அந்தத் திருகு டிரெஸ்டனின் பிராக்டிகா, ஜப்பானின் பென்டாக்ஸ், மாஸ்கோ அருகே கிராஸ்னோகோர்ஸ்கில் உருவான ஜெனித் எனப் பல நாட்டுக் கேமராக்களுக்குப் பொதுவானது. அதனால்தான் இன்றும் பழைய லென்ஸ் வாங்கத் தொடங்குபவரிடம் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு திருகு லென்ஸாக இருக்கிறது.

1945 பிப்ரவரி குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. இஹாகே தொழிற்சாலையும் அழிந்தது. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் தொழில் மீண்டு எழுந்தாலும், முன்னணி ஜப்பானுக்குப் போய்விட்டது.

ஜப்பான்

அசாஹி ஆப்டிகல் நிறுவனம் 1952-இல் ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்.எல்.ஆரான அசாஹிஃபிளெக்ஸை வெளியிட்டது. 1954-இல் தானே இறங்கும் கண்ணாடியையும் சேர்த்தது. 1957-இல் வந்த அசாஹி பென்டாக்ஸில் எல்லாம் ஓரிடத்தில் கூடின: கண் உயரத்தில் பட்டகம், வலக்கைப் பெருவிரலில் பிலிம் நெம்புகோல், இடக்கைப் பக்கம் சுருளைத் திரும்பச் சுற்றும் கைப்பிடி. ஒரு பழைய எஸ்.எல்.ஆரைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு எல்லாவற்றையும் பிடிக்கத் தெரிவதற்கு அந்த அமைப்பே காரணம்.

ஆனால் வரலாற்றைத் திருப்பியது 1959-இல் வந்த நிக்கான் எஃப். தனித்தனியாகப் பார்த்தால் அதில் புதிதாக ஏதும் இல்லை. தன் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் உடலில் கண்ணாடிப் பெட்டியைச் செருகியது போலத்தான் நிக்கான் அதை வடிவமைத்தது. கூரான பட்டக முகப்புக்கு வடிவம் தந்தவர் புகழ்பெற்ற வரைகலைஞர் யூசாகு காமேகுரா. டைட்டேனியத் தகட்டு ஷட்டர், சட்டத்தை முழுதாகக் காட்டும் வியூஃபைண்டர், கழற்றி மாற்றக்கூடிய பட்டகமும் திரைகளும், மோட்டார், தொடக்கத்திலிருந்தே பல லென்ஸ்கள்: இவை எல்லாமே ஒரே அமைப்பாக ஒன்றோடொன்று பொருந்தின, உடையவும் மறுத்தன. கம்போடியப் போரில் புகைப்படக்காரர் டான் மெக்கல்லினின் நிக்கான் எஃப் ஒரு துப்பாக்கிக் குண்டைத் தாங்கிக்கொண்டது. குண்டு துளைத்த அந்த உடல் பின்னர் கண்காட்சிகளில் வைக்கப்பட்டது. மிக்கேலாஞ்சலோ அன்டோனியோனியின் 'ப்ளோ-அப்' (1966) படத்து நாயகன் கையிலும் அதுதான். 1971-இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் அதன் மாற்றியமைத்த வடிவத்தைக் கொண்டுசென்றார்கள். 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது எட்டரை லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருந்தன.

நிக்கானின் பெரிய முடிவு வேறொன்று. 1959-இல் தேர்ந்த லென்ஸ் வாயைத் தன் எஸ்.எல்.ஆர்.களில் அது மாற்றவேயில்லை. இடையில் திருத்தங்கள் வந்து சில சேர்க்கைகள் பொருந்தாமல் போயின என்றாலும், தாத்தா வாங்கிய லென்ஸைப் பேரனின் டிஜிட்டல் உடலில் மாட்ட முடிந்தது. இதற்கு நேர்மாறாக, கேனான் 1987-இல் தானியங்கி ஃபோகஸுக்காகப் பழைய எஃப்டி வாயைக் கைவிட்டு ஈஓஎஸ் அமைப்பைத் தொடங்கியது. அதுவரை எஃப்டி லென்ஸ் வாங்கிச் சேர்த்தவர்கள் கோபித்தார்கள். தொழில்நுட்ப நோக்கில் கேனான் செய்தது சரி என்பதை அடுத்த இருபது ஆண்டு விற்பனை காட்டியது.

ஒளியை அளப்பது அடுத்த பந்தயம். 1963-இல் டோக்கியோ கோகாகுவின் டாப்கான் ஆர்இ சூப்பர், லென்ஸ் வழியாக, துளையைச் சுருக்காமலேயே ஒளியை அளந்தது. கண்ணாடியில் நுண்ணிய கீறல்கள் போட்டு, பின்னால் ஒளியுணரியை மறைத்துவைத்திருந்தார்கள். பெருவாரியாகப் பரவியது மறு ஆண்டு வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். 1960-இல் மாதிரியாகக் காட்டியபோது ஒரு சிறு புள்ளியை மட்டும் அளப்பதாக இருந்தது. விற்பனைக்கு வந்தபோது முழுக் காட்சியின் சராசரியை அளந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

1972-இல் ஒலிம்பஸின் யோஷிஹிசா மைத்தானி, எஸ்.எல்.ஆர். இவ்வளவு கனமாக இருக்கவேண்டியதில்லை என்று காட்டினார். எம்-1 என்று வந்து, லைக்காவின் ஆட்சேபத்தால் ஓஎம்-1 ஆன அந்தக் கேமரா அரைக்கிலோ அளவே எடை. ஷட்டர் வேகத்தை மாற்றும் வளையத்தை லென்ஸ் வாயைச் சுற்றியே வைத்தார். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல், இடக்கை விரல்களாலேயே துளையையும் வேகத்தையும் ஃபோகஸையும் திருப்பலாம். அழகில் ஓஎம்-1-ஐ மிஞ்சிய இயந்திர எஸ்.எல்.ஆர். இல்லை என்பது இந்தக் கட்டுரையாளரின் பக்கச்சார்பு.

1976: இரண்டு வழிகள்

ஒரே ஆண்டில் வந்த இரண்டு கேமராக்களை அருகருகே வைத்தால் பிற்கால நிலவரம் புரியும்.

கேனான் ஏஇ-1 நுண்செயலி கொண்ட முதல் எஸ்.எல்.ஆர். மின்சுற்று பல இயந்திரப் பாகங்களின் வேலையை எடுத்துக்கொண்டதால் பாகங்களின் எண்ணிக்கை குறைந்தது, உற்பத்தி எளிதானது, விலை இறங்கியது. மேல் மூடி பிளாஸ்டிக். உலோகம் போலப் பூசியிருந்தார்கள். ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் துளையைக் கேமராவே தேர்ந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தோடு விற்கப்பட்டு, பல லட்சம் குடும்பங்களுக்கு அதுவே முதல் எஸ்.எல்.ஆராக ஆனது. மின்கலம் தீர்ந்தால் ஷட்டர் அசையாது.

பென்டாக்ஸ் கே1000 அதற்கு எதிர்த்திசை. ஒரு நொடி முதல் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை முழுக்க இயந்திர ஷட்டர். மின்கலம் ஒளிமானியின் முள்ளுக்கு மட்டும். தன்னைத் தானே எடுக்கும் டைமர் இல்லை. ஒளிமானியை அணைக்கத் தனி விசைகூட இல்லை, லென்ஸ் மூடியைப் போடுவதே அணைப்பு. வந்த நாளிலேயே பழைய பாணி. ஆனால் புகைப்பட வகுப்பு ஆசிரியர்கள் மாணவர்களிடம் இதைத்தான் வாங்கச் சொன்னார்கள், ஏனெனில் கேமரா எதையும் மாணவருக்காக யோசிக்காது. உற்பத்தி ஜப்பானிலிருந்து ஹாங்காங்குக்கும் பின் சீனாவுக்கும் மாறி, 1997 வரை நீண்டது. முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது.

இதே எளிமையை இன்னும் முரட்டுத்தனமாகக் கடைப்பிடித்தது சோவியத்தின் ஜெனித்-இ. 1965-இல் வந்து, பல வடிவங்களில் கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் எண்பது லட்சத்தை எட்டும் அளவு செய்யப்பட்டது. அதில் வந்த ஹீலியோஸ்-44 லென்ஸ் போருக்கு முந்திய ஸைஸ் பயோட்டார் லென்ஸ் வடிவமைப்பின் வழிவந்தது. பின்னணியைச் சுழித்துக் காட்டும் அதன் குறைபாடு இன்று விரும்பித் தேடப்படும் குணமாகிவிட்டது.

1985-இல் மினோல்டா 7000 உடலுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டாரை வைத்து வெற்றிகண்டது. அதே தானியங்கி ஃபோகஸுக்காக ஹனிவெல் தொடுத்த காப்புரிமை வழக்கு 1992-இல் மினோல்டாவுக்கு 12 கோடி டாலருக்கும் மேல் செலவு வைத்தது. 2003-இல் மினோல்டா கோனிகாவோடு இணைந்தது. 2006-இல் கேமராத் தொழிலையே சோனியிடம் விட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிலிமிலிருந்து விலகினர். நிக்கானின் கடைசித் தொழில்முறைப் பிலிம் உடலான எஃப்6, 2004-இல் வந்து 2020 வரை தயாரிக்கப்பட்டது. அதன்பின் 2024-இல் பென்டாக்ஸ் ஒரு புதிய பிலிம் கேமராவை வெளியிட்டபோதும் அது எஸ்.எல்.ஆராக இல்லை.

சேகரித்தல்

சேகரிப்பாளர்களில் இரண்டு இனம் உண்டு. கண்ணாடி அலமாரிக்காக வாங்குபவர்கள் வரிசை எண்ணைப் பார்ப்பார்கள்: 64 என்று தொடங்கும் தொடக்ககால நிக்கான் எஃப், தொழிற்சாலையிலேயே கறுப்பு வண்ணம் பூசிய உடல்கள். கறுப்பு தேய்ந்து ஓரங்களில் பித்தளை தெரிந்தால் விலை குறைவதற்குப் பதில் கூடும். வெள்ளிநிற உடலுக்குப் பின்னாளில் கறுப்புப் பூசி விற்பதும் அதனாலேயே நடக்கிறது. இன்னொரு இனம் படம் எடுக்க வாங்குபவர்கள். டோக்கியோவின் ஷின்ஜுக்கு, நக்கானோ பகுதிக் கடைகள் இரு இனத்துக்கும் புனிதத் தலம். வாங்காமல் பார்க்க மட்டும் விரும்புவோருக்கு டோக்கியோவில் ஜேசிஐஐ கேமரா அருங்காட்சியகமும், டிரெஸ்டனில் பழைய எர்னெமன் தொழிற்சாலைக் கட்டடத்தில் தொழில்நுட்ப அருங்காட்சியகமும், குருகிராமில் 2019-இல் திறந்த மியூசியோ கேமராவும் உண்டு.

படம் எடுப்பதற்காக வாங்குபவர் பார்க்கவேண்டியவை வேறு. கதவையும் கண்ணாடியையும் சுற்றியுள்ள பஞ்சு வயதாகி ஒட்டும் கரியாகக் கரையும், வெளிச்சம் கசியும். இது எல்லாப் பழைய எஸ்.எல்.ஆரிலும் வரும், மாற்றுவதும் எளிது. லென்ஸ் துளையின் தகடுகளில் எண்ணெய் ஏறினால் அவை மெதுவாகும். ஏஇ-1 அடங்கிய கேனான் ஏ வரிசையில் கண்ணாடியின் அச்சுக்கு எண்ணெய் வற்றி ஷட்டர் இருமும். ஆஸ்துமா போன்ற அந்தச் சத்தம் கடைக்காரர்களுக்கெல்லாம் பரிச்சயம். ஓஎம்-1-இல் பட்டகத்துக்கு அடியிலுள்ள பஞ்சு கரைந்து வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். பென்டாக்ஸின் சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் ஒரு வகையில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதால் காலப்போக்கில் மஞ்சளாகும். சில நாள் புற ஊதா விளக்கில் வைத்தால் தெளியும்.

நம் ஊர்களில் முதல் எதிரி பூஞ்சை. சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஈரத்தில், தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்த கேமராவின் லென்ஸில் ஓரிரு மழைக்காலத்திலேயே சிலந்தி நூல் போன்ற கோடுகள் படரும். தோல் உறை பாதுகாப்பு என்ற நம்பிக்கையே கேட்டுக்குக் காரணம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. உறையிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, அவ்வப்போது வெயிலில் லென்ஸைத் திறந்து காட்டுவது போதும். பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது.

இரண்டாவது சிக்கல் மின்கலம். 1960, 70-களின் ஒளிமானிகள் பல 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தை நம்பியவை. தேயும்வரை மின்னழுத்தம் குறையாது என்பதே அதன் சிறப்பு. பாதரசம் நச்சு என்பதால் 1990-களில் பல நாடுகள் அதைத் தடுத்தன. அந்த இடத்தில் 1.5 வோல்ட் சாதாரண மின்கலத்தைப் போட்டால் அளவு தவறும். ஸ்பாட்மேட்டிக்கின் மின்சுற்று பாலம் போல அமைந்திருப்பதால் மின்னழுத்த வேறுபாடு அதைப் பாதிக்காது. கேட்கும் கருவிகளுக்கான துத்தநாக-காற்று மின்கலம் மற்றவற்றுக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது. ஜெனித்-இ போன்றவற்றின் செலினிய ஒளிமானிக்கு மின்கலமே வேண்டாம். ஆனால் செலினியம் செத்தால் செத்ததுதான்.

ஆகக் கடினமானது மின்னணு. ஏஇ-1 வகைக் கேமராவின் சுற்றுப்பலகை போனால் இன்னொரு கேமராவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். கே1000-இன் பற்சக்கரத்தை ஒரு பொறுமையான மெக்கானிக் சரிசெய்துவிடுவார். அவர்களும் ஓய்வு பெற்று வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பயன்படுத்துதல்

இறந்த ஒளிமானி கேமராவைக் குப்பையாக்காது. நல்ல வெயிலில் துளையை எஃப் 16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தைப் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு ஈடாக வைப்பது பழைய விதி: 200 பிலிம் என்றால் நொடியில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு, அதாவது 250 எழுதிய இடம். நம்மூர் மத்தியானத்துக்கு இந்த விதி கச்சிதம். மேகம் வந்தால் ஒரு படி துளையைத் திறக்க வேண்டும். மனிதர் முகத்தில் உச்சிவெயில் விழும்போது எந்த விதியும் நல்ல படம் தராது.

பிலிம் கிடைப்பதே இந்தப் பொழுதுபோக்கின் எல்லை. கோடாக் 2009-இல் தன் கோடாகுரோம் வண்ணப் பிலிமை நிறுத்தியது. உலகில் அதைக் கழுவிய கடைசிக் கூடமான கன்சாஸ் மாநில டுவேன்ஸ் போட்டோ 2010 டிசம்பர் 30-ஓடு நிறுத்திக்கொண்டது. கோடாக் 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. ஆனாலும் அதன் இன்னொரு பிலிமான எக்டாகுரோம் 2018-இல் திரும்ப வந்தது. கோடாக் கோல்டு, டிரை-எக்ஸ், இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் இன்றும் விற்பனையில் உள்ளன. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. உதகமண்டலத்தில் 1960-இல் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், தாள் ஆகியவற்றைச் செய்தது. சந்தை வண்ணத்துக்கு மாறியபோது அது தடுமாறி, டிஜிட்டல் பரவுவதற்கு முன்பே, 1990-களில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பிலிம் மீண்டும் விரும்பப்படும் இக்காலத்தில் அந்த ஆலை ஓடவில்லை. இந்தியாவில் பயன்படுத்தும் பிலிம் இறக்குமதிதான், விலையும் அதற்கேற்ப. அதனால் சினிமா நெகட்டிவை வாங்கிச் சிறு கூடுகளில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் ஆர்வலர்களிடம் இருக்கிறது. அந்த நெகட்டிவின் பின்புறம் வழக்கமாக ஒரு கரிப்பூச்சு உண்டு. அதை முன்கூட்டியே நீக்காமல் சாதாரண வண்ண ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தால் அங்குள்ள இயந்திரம் பாழாகும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். 1927-இல் கோடாக் வெளியிட்ட டி-76 கலவை இன்றும் அதற்கு உதவுகிறது. வெயில் காலத்தில் தண்ணீரை 20 பாகை செல்சியஸுக்குக் குளிரவைப்பதுதான் பெரிய வேலை.

பிலிமே வாங்காமலும் பழைய எஸ்.எல்.ஆருக்குச் செலவு செய்வோர் இருக்கிறார்கள். 2008-க்குப் பின் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமராக்கள் வந்தபோது, லென்ஸுக்கும் உணரிக்கும் இடையிலான தூரம் குறுகியது. நடுவில் ஒரு வளையம் போட்டால் ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸும் பொருந்தியது. கேனான் கைவிட்ட எஃப்டி லென்ஸ்களுக்கு இதில் அடித்தது யோகம். அவற்றின் வாய்க்கும் பிலிமுக்கும் 42 மி.மீ. தூரம்தான் என்பதால் பெரும்பாலான டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.களில் தொலைவுக்கு ஃபோகஸ் ஆகாமல் அடிமாட்டு விலைக்குக் கிடந்தன; இப்போது அவற்றின் விலை ஏறிவிட்டது. வெறும் உடல்கள் மட்டும் லென்ஸ் கழற்றப்பட்டுத் தனியே விற்கின்றன.

விமானத்தில் பிலிம் கொண்டுபோவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல விமான நிலையங்களில் கைப்பைகளைச் சோதிக்க வந்துவிட்ட சிடி ஸ்கேன் கருவிகள், கழுவாத பிலிமைப் பழைய எக்ஸ்ரே கருவிகளைவிட அதிகம் பாதிக்கின்றன. சுருள்களைத் தெளிந்த பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி கேட்கலாம். செக்-இன் பெட்டியில் மட்டும் வைக்கக்கூடாது, அங்குள்ள கதிர் இன்னும் கடுமையானது.